மாமா எழுதாத புத்தகம்

சென்ற மாதம் ரேவதி போன் செய்தாள். பல்கலைக்கழக நூலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஆய்வேடு சரிபார்ப்புப் பிரிவு என்று அதற்குப் பெயர். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கதவு சரியாக மூடாத இரும்பு அலமாரி. முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுக்க வருகிறவர்கள், தாங்கள் பயன்படுத்திய நூல்களை எல்லாம் கடைசியில் துணைநூற்பட்டியல் என்று வரிசைப்படுத்தியிருப்பார்கள். அந்தப் பட்டியல் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து, பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. பச்சைச் சீட்டு இல்லாமல் ஆய்வேட்டை அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள்.

ஒருவருடைய பட்டியலில் பன்னிரண்டு புத்தகங்கள் எங்கே தேடியும் கிடைக்கவில்லையாம். ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஊர், பக்க எண் எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கிறதாம். புத்தகம் மட்டும் உலகத்தில் இல்லை. கேட்டால், கம்ப்யூட்டரைக் கேட்டேன், அதுதான் கொடுத்தது என்கிறாராம். “உங்க காலத்துல இப்படியெல்லாம் உண்டாக்கா?” என்று ரேவதி கேட்டாள்.

எங்கள் காலத்தில் இருக்கிற புத்தகத்தைத் தப்பாக எழுதினார்கள், இப்போது இல்லாத புத்தகத்தைச் சரியாக எழுதுகிறார்கள் என்றேன். அவள் சிரித்தாள். போனை வைத்த பிறகுதான், அப்படி ஒரேயடியாகச் சொன்னது நியாயமில்லை என்று பட்டது. இல்லாத புத்தகம் ஒன்று என் மேசைக்கும் வந்திருக்கிறது. அதை எழுதியதாகச் சொல்லப்பட்டவர் என் சொந்தத் தாய்மாமன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

என் ஊர் பழவேற்காட்டில் லைட்ஹவுஸ் குப்பம். நைனா கடலுக்குப் போனவர். பெண் பிள்ளை படித்து ஆபீசுக்குப் போகும் என்பதை அவர் நம்பவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நூலக அறிவியல் சான்றிதழ் படிப்பை முடித்து, புத்தக அடுக்குகளில் தூசு தட்டும் வேலையில் சேர்ந்தேன். காலையில் பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து ரயில். மீஞ்சூரில் கம்பெனி ஆட்கள் ஏறி இறங்குகிற நெரிசலில் நின்றுகொண்டே பாதி உலக விஷயம் கற்றுக்கொண்டேன். மீதியைக் கற்றுக்கொடுத்தவர் கனகசபை சார்.

அவர் துணை நூலகர். சரிபார்ப்புப் பிரிவு அவர் பொறுப்பு, என்னை அங்கே உதவிக்கு எடுத்துக்கொண்டவரும் அவர்தான். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு மர ஸ்கேல். துணைநூற்பட்டியலைக் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கித்தான் படிப்பார். ஏன் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். எழுதுகிறவன் முடிவுக்கு வரும்போது களைத்துப் போயிருப்பான், தப்பெல்லாம் அங்கேதான் ஒதுங்கும் என்றார். வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, முதலில் ஆசிரியர் பெயர், அப்புறம் நூலின் பெயர், அப்புறம் ஊர், பதிப்பகம், ஆண்டு என்று விரலால் ஒவ்வொன்றாகத் தட்டுவார். ஒரு பக்கம் என்றால் ‘ப.’, பல பக்கம் என்றால் ‘பக்.’. ஒரே பக்கத்துக்கு ‘பக்.’ போட்டிருந்தால், மீதிப் பக்கங்கள் எங்கே என்று கேட்பார். யாரையும் தப்பு என்று சொன்னதில்லை. “இது எங்க இருக்கு?” என்பார், அவ்வளவுதான். புத்தகம் நம் நூலகத்தில் இருந்தால் நான் போய் எடுத்துவர வேண்டும். வேறு நூலகத்தில் இருந்தால் அந்த நூலகத்தின் முத்திரையோடு முதல் பக்கத்தின் நகல் வேண்டும். எடுத்து வந்து கொடுத்ததும், காய்ச்சல் பார்ப்பதுபோல அட்டையின் மேல் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைப்பார். பிறகுதான் டிக் விழும்.

அடிக்குறிப்பில் மேலே சொன்ன நூலையே மறுபடி குறிப்பிட வேண்டுமானால் ‘மேலது’ என்று போடுவது வழக்கம். ஒருவர் தன் ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளை எல்லாம் தட்டச்சுக் கடையில் கொடுத்து, பட்டியலாக்கித் தரச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் அகர வரிசைப்படி அடுக்கியதில், ம வரிசையில் ‘மேலது’ என்ற ஆசிரியர் முப்பத்தொரு நூல்கள் எழுதியிருந்தார். சார் ஸ்கேலை அங்கே நிறுத்தி, “மேலது நிறைய எழுதியிருக்காரே, எந்த ஊர்க்காரர்?” என்று கேட்டார். ஆய்வாளர் சற்று யோசித்துவிட்டு, “தஞ்சாவூர்ப் பக்கம்னு நினைக்கிறேன் சார்” என்றார். சார் சிரிக்கவில்லை. மேலதுவின் புத்தகம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அந்த மனிதர் இரண்டு நாள் நூலகம் முழுக்கத் தேடினார்.

இப்படிப்பட்டவரிடம்தான் பவித்ராவின் ஆய்வேடு வந்தது.

பவித்ரா தருமபுரிப் பெண். கடலையே இருபத்து மூன்று வயதில்தான் பார்த்தாளாம். ஆனால் எடுத்துக்கொண்ட தலைப்பு எங்கள் ஏரி. பழவேற்காடு ஏரி கடலோடு சேருகிற வாய்க்கு முகத்துவாரம் என்று பெயர். சில வருடம் மணல் மேடிட்டு அது அடைத்துக்கொள்ளும். அடைத்தால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சு வராது, ஏரியை நம்பியிருக்கிற அத்தனை குப்பத்துக்கும் அடுப்பு எரியாது. அடைபடப் போகிறது என்பதை மீன்பிடிக்கிறவர்கள் முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

அப்போதெல்லாம் பட்டியலை நான் முதலில் பார்ப்பேன், சந்தேகம் இருந்தால் மட்டும் சாரிடம் போகும். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கடைசி வரிக்கு வந்தேன்.

‘வேலு, தே. முகத்துவாரம் அடைபடும் குறிகள். லைட்ஹவுஸ் குப்பம்: ஆசிரியர் வெளியீடு, ஆண்டு இல்லை.’

எங்கள் குப்பத்தில் தே. வேலு ஒருவர்தான். தேசப்பன் மகன் வேலு, என் அம்மாவின் தம்பி. ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கிறவர். அவர் எழுதி, அவரே வெளியிட்ட புத்தகம்.

அந்த நேரத்தில் என் மனம் போன போக்கை மறைக்கப் போவதில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் லைட்ஹவுஸ் குப்பம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் கையெழுத்துப் போட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மாமாவின் பெயர் அச்சில் இருந்ததும் எனக்குப் பெருமையாகவே இருந்தது. பச்சைச் சீட்டை எடுத்துத் தேதி வரைக்கும் எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட மட்டும் கை வரவில்லை. பேனாவை மூடிவிட்டு, பவித்ராவைக் கேண்டீனுக்கு அழைத்துப் போனேன்.

வேலு என் மாமா என்று சொன்னதும் அவள் டீயை அப்படியே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். நான்கு வருடம் ஏரிக்கு வந்து போய், மாமா சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். நான்காம் அத்தியாயம் முழுக்க அதுதான். அவளுடைய நெறியாளர் அதைப் படித்துவிட்டு, மீன்பிடிக்கிறவர் சொன்னார் என்று எழுதினால் யார் நம்புவார்கள், புத்தகம் இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் அத்தியாயத்தையே எடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறார். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் நேர்காணல், அதற்கு ஆய்வேடு கொடுத்துவிட்ட சான்றிதழ் வேண்டும். இரண்டு வாரம்தான் இருந்தது. இவள் மாமாவைப் புத்தகமாக்கிவிட்டாள்.

“அவர் புத்தகம் மாதிரிதான் பேசுவார் மேடம்” என்றாள். அதை மறுக்க எனக்குத் தோன்றவில்லை.

இல்லாத நூலைக் காட்டியது தெரிந்தால் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புவார்கள், ஒழுங்கு நடவடிக்கையும் வரும். அந்த வரியை எடுத்துவிட்டு வேறு வழி பார்க்கலாம் என்று பேசிக்கொண்டே இருவரும் திரும்பி வந்தோம். என் மேசையில் கனகசபை சார் உட்கார்ந்திருந்தார். ஆய்வேடு கடைசிப் பக்கத்தில் திறந்திருந்தது. ஸ்கேல் வேலுவுக்குக் கீழே இருந்தது.

“தேசம்மா, லைட்ஹவுஸ் குப்பம் உங்க ஊர்தானே?”

“ஆமா சார்.”

“இது எங்க இருக்கு?”

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நின்ற பவித்ராவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “எங்க ஊர்லதான் சார் இருக்கும்” என்று சொல்லிவிட்டேன். சார் ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு, நல்லது, சனிக்கிழமை நானே வந்து பார்த்துவிடுகிறேன் என்றார்.

சாயங்காலம் ஊருக்குப் போனதும் நேரே மாமாவிடம் போனேன். படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். நடந்ததையும், இதனால் அந்தப் பெண்ணுக்கு வரப்போகிற கஷ்டத்தையும் விளக்கமாகச் சொன்னேன். மாமா பொறுமையாகக் கேட்டார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, “அப்ப நான் புக்கு எழுதிகீறேன்னு அச்சே அடிச்சிட்டாங்களா?” என்றார். மற்றது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. வலையைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனார். மறுநாள் நான் பஸ்ஸுக்கு நடப்பதற்குள் மூன்று பேர் என்னை நிறுத்தி ஆளுக்கொரு பிரதி கேட்டார்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் ஒருவர், புத்தகத்தில் குப்பத்தின் பெயர் சரியாக வந்திருக்கிறதா, இல்லை வழக்கம்போலப் பழவேற்காடு என்று மட்டும் போட்டிருக்கிறதா என்று விசாரித்தார்.

சனிக்கிழமை சார் தோல் செருப்பும் கைப்பையுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கினார். பவித்ராவும் வந்திருந்தாள். மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பந்தல்காரரிடமிருந்து நான்கு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி மணலில் போட்டிருந்தார். சற்றுத் தள்ளி அஞ்சலை அத்தை, அவர் மனைவி, மீனை அறுத்துக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

வணக்கம் சொல்லி முடித்ததும் சார் கேட்டார், புத்தகம் எங்கே என்று. மாமா உள்ளே போய் ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கொண்டுவந்தார். அதிலிருந்து அவர் எடுத்தது நான் எதிர்பார்க்காத ஒன்று. ஸ்பைரல் போட்டு, மேலே கண்ணாடித்தாள் வைத்த நாற்பது பக்கம். அட்டையில் மாமா படகில் நிற்கிற கலர் படம். பவித்ரா தன் குறிப்பேட்டை ஜெராக்ஸ் எடுத்து, வேலை முடிந்த சந்தோஷத்தில் அவருக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறாள்.

சார் அட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கையை எடுத்துவிட்டுச் சொன்னார், “ஐயா, இது புத்தகம் இல்லை. நோட்டு.”

மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. “நான் சொன்னேன், இந்தப் பொண்ணு எழுதிச்சி. இத்தினி பக்கம் கீது. அப்பால இன்னாத்த வோணும்?” என்றார்.

சார் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. நோட்டைத் திறந்து முதல் பக்கத்தில் ஸ்கேலை வைத்தார். அவருக்கு வேறு விதமாக ஒன்றைப் படிக்கத் தெரியாது. “வாடைக்காற்று நின்று பத்து நாளில் முகத்துவாரத்தின் தெற்குக் கரையில் மணல் நாக்கு நீளும்” என்று உரக்கப் படித்துவிட்டு, இது எங்கே இருக்கிறது என்று கேட்டார். பழக்க தோஷம். மாமா அதை, யாரிடம் இருக்கிறது என்று புரிந்துகொண்டார்.

“அது சுண்ணாம்புக்குளத்துல என் மச்சான் கீறான், ரத்தினம், அவன் சொன்னது. தெக்குக் கரை அவனுக்குத்தான் தெரியும். எனுக்கு அவ்ளோ தெரியாது.”

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த வரி. அது மாமாவே பார்த்தது, இரண்டு முறை. எந்த இடத்தில் நின்று பார்த்தார் என்பதையும் சொன்னார். அதற்கடுத்தது அவருடைய நைனா தேசப்பன் சொன்னது, ஆனால் அவரும் நேரில் பார்க்கவில்லை, இன்னொரு குப்பத்துக் கிழவர் சொல்லிக் கேட்டது. அந்தக் கிழவர் பெயர் மறந்துவிட்டது, அதனால் அதை நம்ப வேண்டாம் என்றார். சாருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. கைப்பையிலிருந்து நூலக அட்டைகளை எடுத்து, ஆளுக்கு ஓர் அட்டையாக எழுத ஆரம்பித்துவிட்டார். பவித்ராவும் பேனாவை எடுத்தாள். இது யார் சொன்னது என்பதுதான் நான்கு வருடத்தில் அவள் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி.

“முப்பது வருசமா இந்த வேலை பார்க்கிறேன் தேசம்மா” என்று என்னிடம் மெல்லச் சொன்னார். “கேட்டதுக்கு இவ்வளவு சுத்தமா மூலம் சொல்ற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.”

இருபத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தோம். ஆய்வேட்டின் உயிரே அந்தப் பக்கம்தான். மடவை மீனின் வயிற்றில் சாதாரணமாக வெள்ளை மணல் இருக்கும், முகத்துவாரம் அடைபடுவதற்கு ஒரு மாதம் முன்பே அது நின்று கறுப்புச் சேறாகிவிடும் என்று அதில் இருந்தது. சார் படித்துவிட்டு, இது யார் சொன்னது என்றார்.

“நான்தான்” என்றார் மாமா. இந்த முறை பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது.

சார் ஸ்கேலை எடுக்கவில்லை. காய்கிற மீனைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். “ஐயா, மீன் வயித்தை அறுத்துப் பார்த்தது யாரு?”

மாமா கடலைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. பிறகு, “வூட்ல” என்றார்.

அத்தை அறுக்கிற கையை நிறுத்தாமலே பேசினாள். “எத்தினி வருசமா நான் சொல்றது. அப்பல்லாம் கம்முனு கெடன்னு சொல்லும். அந்தப் பொண்ணு வந்து குந்திக்கினா மட்டும், இந்த ஆளே கண்டுபுடிச்ச மாதிரி சொல்லிக்கினு இருந்துச்சி. நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன்.”

பவித்ரா அவசரமாக நோட்டை வாங்கிப் புரட்டினாள். நாற்பது பக்கத்தில் அத்தையின் பெயர் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. ‘அஞ்சலை அம்மா டீ கொடுத்தார்.’ பவித்ராவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து போய் அத்தைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தாள். எந்த மாதம், எத்தனை மீன், சேறு என்ன நிறம். மாமா சொல்லாத இரண்டு விஷயங்களும் வெளியே வந்தன. முட்டை வைத்த மடவைக்கு இந்தக் குறி செல்லாது, வடக்கு ஏரி மீனுக்கும் செல்லாது. அதைச் சேர்க்காமல் போயிருந்தால் தேர்வாளர் ஒரே கேள்வியில் அத்தியாயத்தைக் கவிழ்த்திருப்பார்.

சார் மாமாவிடம் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. இன்னொருவர் சொன்னதைத் தன்னுடையதாகச் சொல்வது பெரிய பேராசிரியர்களும் செய்கிற காரியம்தான் என்றார். மாமாவுக்கு அது ஆறுதலாக இருந்ததா தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது, புத்தகம் இல்லை என்று எனக்கு முன்பே தெரியும் என்று சாரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் நடையை நிறுத்தவில்லை. “பச்சைச் சீட்டுல தேதி இருந்தது, கையெழுத்து இல்லை. அதைப் பார்த்துதான் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்” என்றார். பிறகு, நண்டு எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்டார்.

திங்கட்கிழமை அவரே நெறியாளரைப் போய்ப் பார்த்தார். தமிழ்த் துறையில் நாட்டுப்புறவியல் ஆய்வேடுகளில் தகவலாளர் பட்டியல் என்று தனியாக ஒன்று எப்போதும் இருக்கும். அப்படிப்பட்ட ஆறேழு ஆய்வேடுகளை என்னைச் சுமந்துவரச் சொல்லி நெறியாளர் மேசையில் அடுக்கினார். நெறியாளர் அரை மணி நேரம் பேசினார். சார் ஒவ்வொரு முறையும், இப்படிப் போடக் கூடாது என்ற விதி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். கடைசியில் நெறியாளர் ஒப்புக்கொண்டார்.

பொய்யான வரி போயிற்று. அதற்குப் பதிலாகத் தகவலாளர் ஏழு பேர் வந்தார்கள். பவித்ரா நான்காம் அத்தியாயத்தைத் திருப்பி எழுத ஐந்து வாரம் ஆனது. கிருஷ்ணகிரி நேர்காணல் கை நழுவிப் போனது. அந்தச் சமயத்தில் அவளுக்கு என் மேல் கோபம் இருந்திருக்கும், எனக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது. வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் மடவை வயிற்றைப் பற்றித்தான் முக்கால் மணி நேரம் கேட்டாராம். ஒவ்வொன்றுக்கும் இவள் அஞ்சலை அம்மா சொன்னது, இன்ன தேதியில், இன்ன இடத்தில் என்று பதில் சொல்லியிருக்கிறாள். பட்டம் கிடைத்தது. அடுத்த வருடம் சேலத்தில் வேலையும் கிடைத்தது.

பைண்டு செய்த பிரதி ஒன்றை அவள் குப்பத்துக்குக் கொண்டுவந்தாள். மாமா வாங்கி, அட்டையை வேட்டி முனையால் துடைத்து, என்னிடம் கொடுத்து அவர் பெயர் இருக்கிற இடத்தைக் காட்டச் சொன்னார். தகவலாளர் பட்டியலைத் திறந்தேன். அகர வரிசை. முதலில் அஞ்சலை. நடுவில் ரத்தினமும் மற்றவர்களும். கடைசியில் வேலு.

மாமா விரலை மேலிருந்து கீழே ஓட்டிக் கொண்டுபோய், வயசுப்படி போட முடியாதா என்று பவித்ராவைக் கேட்டார். முடியாது என்று அவள் சங்கடத்தோடு சொன்னாள்.

அத்தை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். தன் பெயரை அப்படியே இருக்கிறபடி படிக்கச் சொன்னாள். “அஞ்சலை, கமா, வே, புள்ளி” என்று படித்தேன். வே யார் என்று கேட்டாள். மாமாதான் என்றேன். நடுவில் அந்தக் கமா எதற்கு என்றாள். வழக்கமாக இனிஷியல் முன்னால் வரும், இங்கே ஆளின் பெயர்தான் முக்கியம் என்பதால் அதை முன்னால் வைத்து, இனிஷியலைப் பின்னால் தள்ளி, நடுவில் கமா போடுவார்கள் என்று விளக்கினேன்.

அத்தை அந்தக் கமாவின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

“மின்னாடி நானு, அப்பால அது. சரியாத்தான் போட்டுகீறாங்க” என்று சொல்லிவிட்டு, காய்கிற மீனைத் திருப்பிப் போடப் போனாள்.